மணற்காட்டுக்குக் கொண்டுபோக விலை குறைந்த கத்தி தாங்குமா?

வணக்கம். பருத்தித்துறையில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை நண்பர்களோடு பக்கத்திலுள்ள மணற்காட்டுக் கடற்கரையில் கூடாரம் அடித்து இரவு தங்குவது வழக்கம். மாசியில் யாழ்ப்பாணம் டவுனில் 1,800 ரூபாய்க்கு மடங்காத கத்தி ஒன்று வாங்கினேன். கார்பன் ஸ்டீல், அலகு 11 செ.மீ., பிளாஸ்டிக் பிடி.

முதல் மூன்று பயணமும் பிரச்சினை இல்லை. தேங்காய் நார் சீவ, கயிறு அறுக்க, மீன் துப்புரவாக்க நல்லாகவே வெட்டியது. நான்காவது முறை காய்ந்த பனைமட்டையில் கத்தியை வைத்து முதுகில் கட்டையால் தட்டினேன், பிடி இளகிவிட்டது. இப்போது அலகை ஆட்டினால் ஒரு நெல்மணி அளவு அசைகிறது. துருவும் விடுவதாயில்லை. உப்புக்காற்றில் ஓர் இரவு உறைக்குள் கிடந்தால் போதும், விடியப் பார்த்தால் தேயிலைச் சாயம் போலப் புள்ளி புள்ளியாக நிற்கும்.

தேங்காயெண்ணெய் பூசினேன், அரத்தாளால் தேய்த்தேன். பிடிக்குள் இரண்டு கலவைப் பசை விட்டேன், இரண்டு கிழமைதான் தாங்கியது. பிறகு கொல்லரிடம் காட்டினேன். அலகின் வால் பிடிக்குள் பாதிவரைதான் போகிறது, இதைத் திருத்த முடியாது என்றார். லொறி வில்லுத் தகட்டில் வால் முழுநீளமாக ஒன்று அடித்துத் தரலாம் என்கிறார். ஆனால் அது பாரமாக இருக்கும், துருவும் பிடிக்கும்.

மற்றத் தெரிவு மோரா கம்பானியன் என்ற சுவீடன் கத்தி. 12சி27 துருப்பிடிக்காத உருக்கு, 2.5 மி.மீ. தடிப்பு. விலையும் கட்டும். ஆனால் அதிலும் வால் பிடியின் கடைசிவரை இல்லை.

கடற்கரைப் பக்கம் மோராவை ஒரு வருடமாவது பாவித்தவர்கள் சொல்லுங்கள்: பனைமட்டையும் காய்ந்த சவுக்குக் கொப்பும் பிளக்க அது தாங்குமா?