மறு: என்சைம் ஆக்டிவிட்டிக்குத் தமிழ்: ‘நொதிநடை’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘நொதிச் செயல்பாடு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஆய்வகத்தில் வேலை எனக்கு. பாலக்காடு மாவட்டம்தான், ஆனாலும் வருகிறவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். ஒருமுறை ஏஎல்டி என்ற ஈரல் நொதி 240 வந்த ரிப்போர்ட்டின் ஓரத்தில் ‘செயல்பாடு அதிகம்’ என்று எழுதிக் கொடுத்தேன். “ஈரல் நல்லா வேலை செய்யுதுங்களா, அப்ப சரி” என்று தோப்புக்காரர் ஒருவர் எழுந்துவிட்டார். ஈரல் செல்கள் அடிபட்டால் உள்ளே இருக்க வேண்டிய நொதி இரத்தத்தில் கசியும், அதனால்தான் எண் ஏறியிருக்கிறது என்று அவரை மறுபடி உட்காரவைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

‘நொதி அளவு’ அதைவிட மோசம். நாம் நொதியை நிறுப்பதே இல்லை. இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு அலனின், ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட் என்ற இரண்டு பொருள்களைச் சேர்க்கிறோம். ஏஎல்டி அதிலிருந்து பைருவேட்டை உண்டாக்குகிறது. ரியேஜென்ட் என்ற சோதனைக் கரைசலில் இருக்கும் எல்டிஹெச் என்ற இன்னொரு நொதி அந்தப் பைருவேட்டை லாக்டேட்டாக்கும்போது, கரைசலில் உள்ள என்ஏடிஹெச் என்ற துணைப்பொருள் செலவாகி என்ஏடி ஆகிறது. என்ஏடிஹெச் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும், என்ஏடி உறிஞ்சாது. 37 டிகிரியில் அந்த உறிஞ்சல் நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் நமக்கு வரும் ரீடிங். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் மாறினால் ஒரு யூனிட்.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் நின்று பாருங்கள். கிடங்குக்குள் எத்தனை வண்டி நிற்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இன்றைக்கு எத்தனை நடை சரக்கு போனது என்றுதான் கேட்பார்கள். நொதியும் அப்படியே, ஒரு மூலக்கூறை மாற்றிவிட்டு அடுத்ததற்குத் திரும்பி வருகிறது. ஆகவே ஆக்டிவிட்டிக்கு நொதிநடை, இப்படி வேகத்தைத் தொடர்ந்து பார்க்கும் கினெட்டிக் முறைக்கு நடையளவை, முடிவில் மட்டும் பார்க்கும் எண்ட்பாயிண்ட் முறைக்கு முடிவளவை என்று வைக்கலாம் என்பது என் யோசனை.

முடிவளவைக்கு உதாரணம், 1957இல் வந்த ரைட்மன்–ஃபிராங்கல் நிற முறை. ஏஎல்டிக்கு அரை மணி நேரம் வைத்திருந்து, கடைசியில் ஒரே தடவை நிறத்தைப் பார்ப்பார்கள். சாயங்காலம் வந்து இறங்கிய மூட்டையை மட்டும் எண்ணுவது போல. நடுவில் சரக்கு தீர்ந்து வண்டி சும்மா நின்றிருந்தால் தெரியாது.

நடையளவையிலும் இந்தத் தொல்லை உண்டு. நொதி மிக அதிகமான சேம்பிளில், அனலைசர் பார்க்கத் தொடங்குவதற்குள்ளேயே என்ஏடிஹெச் தீர்ந்துபோய், ரீடிங் குறைவாக வரும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இதில்தான் ஏமாறுவார்கள். சலைனில் பத்து மடங்கு நீர்த்து ஓட்டி, வந்ததைப் பத்தால் பெருக்க வேண்டும். ‘நடை குறையவில்லை, சரக்குதான் தீர்ந்தது’ என்றால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ‘செயல்பாடு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்கிப் பாருங்கள்!

> நடை என்றால் உரைநடை, கோயில் நடை எல்லாம் நினைவுக்கு வருமே?

வரும். எங்கள் பக்கம் மலையாளத்திலும் ‘நட’ என்றால் முதலில் கோயில்தான். ஆனால் ‘நொதி’ முன்னால் நிற்கும்போது யாரும் சந்நிதிக்குப் போகமாட்டார்கள். நொதிக்கு மலையாளத்தில் ‘ராசாக்னி’ என்கிறார்கள். கம்பீரமான சொல்தான், இருந்தாலும் கள் இறக்கும் சித்தூர்க்காரனுக்கு நொதி என்ற சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை.

நொதிநடைக்கென 1999இல் ஏற்கப்பட்ட katal என்ற எஸ்ஐ (சர்வதேச முறை) அலகை மட்டும் என்ன செய்வதென்று சொல்லுங்கள். நொடிக்கு ஒரு மோல். நம் ஒரு யூனிட் அதில் சுமார் 16.67 நானோ katal. ‘கேட்டல்’ என்று எழுதினால் காதால் கேட்பதாகிறது. இப்போதைக்கு ‘கட்டால்’ என்று எழுதிவருகிறேன்.