சீசன் கடைசி கேம்ப், விளக்கு ராத்திரி: உங்களுக்கு நடந்தது என்ன?

டெர்பிஷயர் அம்மா
இங்கிலாந்தில் கிளப் கேம்ப் போகிறவர்களுக்கு விளக்கு ராத்திரி பற்றிச் சொல்லத் தேவையில்லை. அக்டோபர் கடைசி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்த வாரம், ஐந்து மணிக்கே இருட்டு. கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி), கூடாரம் எல்லாவற்றுக்கும் சீரியல் பல்பு. சிலர் பாட்டுப் பாடும் பொம்மைகளும் வைத்திருந்தார்கள்.

எங்களுக்குப் பின்னால் இருந்த குடும்பம், கோழி சுட்டு முடித்ததும் அலுமினியத் தட்டு பாபிகியூ அடுப்பை ஆனிங்குக்குள், அதாவது கேரவன் வாசலோடு சேர்த்துக் கட்டும் துணிக் கூடாரத்துக்குள், எடுத்துப் போய்விட்டது. கரி சாம்பல் பூத்திருந்தது, அணைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். பிள்ளை தலைவலி என்று அம்மா மடியில் சாய்ந்திருக்கிறாள். ஓடியாடிய களைப்பு என்று விட்டிருக்கிறார்கள்.

நான்கு பீப், இடைவெளி, மறுபடி நான்கு பீப். அவர்கள் கேரவனுக்குள் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அது, கரியிலிருந்து வரும் விஷ வாயுவைக் கண்டால் கத்துவது. வெளியே நின்ற நாங்கள் எல்லாரும் அதை ஏதோ அலங்காரப் பொம்மையின் சத்தம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நடந்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விடவில்லை.

லூட்டன் அப்பா
எங்களுக்கு வினையானது கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறு. பிரகாசமான விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தரை சுத்தமாகத் தெரியாது. கையில் லாந்தரோடு இரண்டு கூடாரத்துக்கு நடுவே ஓடிய பையன் கயிறு தடுக்கி, இரும்பு முளை மேல் தாடை இடித்து விழுந்தான். ஐந்து தையல். எல்லோரும் கூரைக்கு விளக்குக் கட்டினார்கள், ஒருவர்கூடக் கயிற்றுக்குக் கட்டவில்லை.

மிட்லண்ட்ஸ் மாமா
அம்மா சொன்னதில் பயமுறுத்தல்தான் அதிகம். ஆனிங் ஜிப்பைப் பாதி திறந்து வைத்தால் போதும், நாங்கள் பல வருடமாக அப்படித்தான் குளிர் காய்கிறோம். உண்மையான ஆபத்து கரண்ட். பக்கத்து வண்டிக்காரர் வண்டிக்குக் கரண்ட் கொண்டு வரும் ஆரஞ்சுக் கேபிளை உருளையிலேயே சுற்றி விட்டுவிட்டு ஹீட்டர் போட்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியாத சூடு.

கேட்டுக்கொள்ளுங்கள்: கேபிளை முழுவதும் அவிழ்த்துப் போட வேண்டும், சுற்றில் இருந்தால் சூடு வெளியேறாது. முதலில் வண்டியில் செருகி, அப்புறம்தான் கேம்ப் இடத்தின் கரண்ட் கம்பத்தில். கழற்றும்போது கம்பத்தில் முதலில். 2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சில இடங்களில் கம்பமே 10 ஆம்பியர்தான். கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் டிரிப் ஆகும். எல்இடி சரங்கள் இழுப்பது கொஞ்சம்தான், ஆனால் வீட்டுக்குள் மாட்டும் சரத்தை மழையில் கட்டாதீர்கள், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான ஐபி44 குறி போட்டிருக்கிறதா பாருங்கள். இணைப்புகள் புல்லில் கிடக்கக் கூடாது. வண்டிக்கு வண்டி ஆறு மீட்டர் இடைவெளி கேட்பதும் தீ தாவாமல் இருக்கத்தான்.

ஈஸ்ட்ஹாம் தங்கச்சி
மாமா, கேபிள் விஷயத்தில் நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஜிப் விஷயத்தில் தப்பு, தயவுசெய்து யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம். சாம்பல் பூத்த கரியும் மணிக்கணக்கில் அந்த வாயுவை விடும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. துணி வாசலைத் திறந்து வைத்தால் அது பத்திரமாக வெளியே போய்விடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது காற்று உங்கள் பக்கம் இருந்ததால். இங்கே தீயணைப்புத் துறை சொல்வது ஒன்றே ஒன்று: பாபிகியூவைக் கூடாரத்துக்குள்ளோ ஆனிங்குக்குள்ளோ கொண்டு போகாதீர்கள். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வந்தால் உடனே எல்லோரும் வெளியே, அவசர எண் 999-க்குப் போன்.

லூட்டன் அப்பா
அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள்?

டெர்பிஷயர் அம்மா
நன்றாக இருக்கிறாள். பீப் நிற்காததைப் பார்த்து அவள் அப்பாதான் எல்லோரையும் வெளியே இழுத்தார். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் கொடுத்து, இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மாமா, அந்த ஆனிங் ஜிப்பும் பாதி திறந்துதான் இருந்தது.

இந்த வருடம் விளக்கு போடுவதற்கு முன்னால் அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அந்தச் சத்தத்தை எல்லோருக்கும் ஒருமுறை கேட்க வையுங்கள் என்று கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன். சத்தம் போடும் பொம்மைகளை நிறுத்தச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். இரண்டாவதற்கு எதிர்ப்பு வரும், தெரியும்.