புதுப்பிப்பு: பாழடைந்த கட்டிடங்களும் என் கேமராவும்
கைவிடப்பட்ட கட்டிடங்களை மட்டும் ஒரு வருடம் படமெடுக்கப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன், என்ன ஆச்சு என்று சிலர் கேட்டதால் இது. அதிகம் இழுத்தது தனுஷ்கோடிதான். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்களில் பவளப்பாறைக் கற்கள் அப்படியே தெரியும். மதிய வெயிலில் எல்லாம் வெளுத்துப்போகும், காலைச் சாய்வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு துளையும் நிழலோடு எழுந்து வரும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு கூட்டம் வேறு, அதனால் விடியலிலேயே போய்விடுங்கள்.

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் தனி ரகம். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள், சாவி வைத்திருக்கும் காவல்காரரிடம் பேசாமல் நுழைய முடியாது (நுழையவும் கூடாது, சுவரேறிக் குதிப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை). உள்ளே இருட்டு, முற்றத்தில் மட்டும் கண் கூசும் வெயில். ட்ரைபாடு வைத்து வெவ்வேறு எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவில்) எடுத்து இணைத்தால்தான் சரி வருகிறது.

அடுத்து, 2001-இல் மூடிய கோலார் தங்கச் சுரங்கம். அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.