புதுப்பிப்பு: கார்டு போகவில்லை, கேபிள்தான் வேலையைக் காட்டியிருக்கிறது

போன வாரம் எழுதியது இதுதான்: கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரை கறுத்துவிடும், கிராபிக்ஸ் கார்டின் விசிறி மட்டும் பேய் பிடித்த மாதிரி சுற்றும். டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) முழுதாக நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னீர்கள். போட்டேன், பலனில்லை. வெப்பமும் 72 டிகிரியைத் தாண்டவில்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கணினிக் கடையில் பெட்டியைத் திறக்காமலேயே "கார்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள்.

சரி என்று அல்சூரில் மச்சானுடைய கணினியில் அதே கார்டை மாட்டினோம். இரண்டு மணி நேரம் அலுங்காமல் ஓடியது! அப்புறம்தான் கேபிள் பக்கம் கண் போனது. கார்டில் மின்சாரத்துக்கு இரண்டு 8 பின் இணைப்புகள். ஒவ்வொன்றும் 150 வாட் வரை இழுக்கும், கார்டு உட்காரும் மதர்போர்டு ஸ்லாட் வழியாக இன்னொரு 75. நானோ ஒரே கேபிளின் இரட்டை முனையை இரண்டிலும் செருகியிருந்தேன், இரண்டின் சுமையும் அந்த ஒரு கேபிள் மேலேயே விழுந்திருக்கிறது. கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பக்கம் கழற்றிப் பார்த்தால் ஒரு பின் பழுப்பேறி, பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது.

அந்த சாக்கெட்டை இனி நம்ப முடியாது. புதிய 750 வாட் பவர் சப்ளை வாங்கி, அதனுடன் வந்த இரண்டு தனித்தனிக் கேபிள்களையே போட்டேன். (பழைய கேபிளைச் செருகிவிடாதீர்கள், பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், கார்டே எரிந்துபோகலாம்.) நான்கு நாளாகத் திரை கறுக்கவில்லை. விசிறிச் சத்தம் கொஞ்சம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தூசி தட்ட வேண்டும்.