எஸ்போஸிதோ என்ற இத்தாலியக் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?

நிலாமுற்றம்:
எங்கள் கம்பெனியின் நேப்பிள்ஸ் கிளையில் மூன்று பேருக்கு எஸ்போஸிதோ என்று குடும்பப் பெயர். மூவரும் உறவா என்று ஒருவரிடம் கேட்டேன், சொந்தமே இல்லை என்றார். நடிகர் ஜான்கார்லோ எஸ்போஸிதோவின் அப்பாவும் நேப்பிள்ஸ்காரர்தானாம். இது ஊர்ப் பெயரா, தொழில் பெயரா?

செந்தூரன்77:
எக்ஸ்போ மாதிரி இருக்கிறதே, கடை விரித்து விற்கிறவர்களாக இருக்குமோ?

பழைய_ஏடு:
இல்லை தம்பி, வேர்ச்சொல் மட்டும்தான் ஒன்று. லத்தீனில் 'எக்ஸ்போஸிதுஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்டது. இங்கே வெளியே வைக்கப்பட்டது, பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தை.

நேப்பிள்ஸில் அனுன்சியாத்தா என்ற ஆலயத்தோடு சேர்ந்த காப்பகத்தின் சுவரில் ஒரு மர உருளை இருந்தது, 'ரோத்தா' என்பார்கள். தெருப்பக்கத் திறப்பில் குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே இருப்பவர் கைக்குப் போய்விடும், வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. எந்த நேரத்தில் வந்தது, என்ன துணி சுற்றியிருந்தது, கூட ஏதாவது இருந்ததா என்று பேரேட்டில் எழுதிக்கொள்வார்கள். அப்பா பெயர் தெரியாததால் குடும்பப் பெயர் எஸ்போஸிதோ. ஆனால் ஊரில் அந்தப் பிள்ளைகளை மாதாவின் பிள்ளைகள் என்றுதான் சொல்வார்கள், எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

உங்கள் மூவரும் சொந்தமில்லை என்பதற்குக் காரணமும் இதுதான். ஒரே தாத்தாவிடமிருந்து கிளைத்த பெயர் இல்லை, தனித்தனியாக வந்த எத்தனையோ குழந்தைகளுக்கு வைத்த பெயர். பெயரைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறார்கள் என்று 1814இல் அப்போதைய நேப்பிள்ஸ் அரசர் முரா (நெப்போலியனின் தங்கை கணவர்) இந்தப் பெயர் வைப்பதையே நிறுத்தினார், அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு பெயர். ரோத்தாவை 1875இல் மூடினார்கள்.

கரிசல்மண்:
ஊருக்கு ஊர் பெயர் மாறும். ரோமில் ப்ரோயெத்தி, ஃப்ளோரன்ஸில் இன்னொச்செந்தி. மிலானில் கொலொம்போ, அங்கே ஆஸ்பத்திரியின் சின்னம் புறா, கொலொம்போ என்றாலும் புறா. அதற்காக எல்லாக் கொலொம்போவும் அப்படி வந்தவர்கள் இல்லை. கடலோடி கொலம்பஸுக்கும் இத்தாலிய மொழியில் கொலொம்போ என்றுதான் பெயர், ஆனால் அவர் ஜெனோவாவில் நெசவாளர் மகன், அப்பா பெயர் நன்றாகவே தெரியும்.

நிலாமுற்றம்:
மனசு கனத்துவிட்டது. அவரிடம் போய் உறவா என்று கேட்டது தப்பாகிவிட்டதோ?

பழைய_ஏடு:
அதெல்லாம் இல்லை. நேப்பிள்ஸில் தடுக்கி விழுந்தால் ஒரு எஸ்போஸிதோ. மார்கரீத்தா பீட்சாவைச் செய்தவர் என்று அந்த ஊர் கொண்டாடுகிற ரஃபாயேலேவும் எஸ்போஸிதோதானே. தைரியமாகப் பேசுங்கள்.

கடலோடி_மகள்:
ஃப்ளோரன்ஸ் போனால் இன்னொச்செந்தி காப்பகத்தைப் பாருங்கள், புருனெல்லெஸ்கி வடிவமைத்த கட்டடம். 1445 பிப்ரவரியில் அங்கே வந்த முதல் குழந்தை ஒரு பெண், அகாத்தா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள். இப்போது உள்ளே மியூசியம் இருக்கிறது. அங்கே சின்னச் சின்ன இழுப்பறைகளில் பாதியாக வெட்டிய காசுகளும் பதக்கங்களும் வைத்திருக்கிறார்கள். ஒரு பாதி குழந்தையோடு வந்தது, மறு பாதி அம்மாவிடம், என்றைக்காவது திரும்பி வந்தால் பொருத்திப் பார்க்க. நான் பார்த்த ஒன்றில் வெட்டு நேராகவே இல்லை, ஓரமெல்லாம் பிசிறு, அவசரத்தில் வெட்டியது போல. ரொம்ப நேரம் அதன் முன்னாலேயே நின்றுவிட்டேன்.