வீதியோர மரக் கணக்கெடுப்பு: எதையெல்லாம் பதிய வேண்டும்?

கடலோரவாசி: திருகோணமலையில் எங்கள் வட்டார வீதியோர மரங்களை, வாடைக்கு முன் சபைக்காகக் கணக்கெடுக்கிறோம். இனமும் உயரமும் போதுமா?

வேம்படி: போதாது. நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் சுற்றளவை அளந்து 3.14 ஆல் வகுங்கள், விட்டம் வரும். இலக்கத் தகடு, ஜிபிஎஸ் புள்ளி, படம் கட்டாயம். பலரும் கிளைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு அடியை விட்டுவிடுகிறார்கள். அடிமரத்தில் தட்டுக்காளான், ஒருபக்கம் மண்வெடிப்பு, வடிகானுக்காக அறுத்த வேர் இவற்றில் ஒன்று இருந்தாலே, இலை பச்சையாக இருக்கும் மரமும் சாயலாம். மரச்சுத்தியலால் தட்டுங்கள், பறைபோல் அதிர்ந்தால் உள்ளே கோறை. பழைய சாய்வைவிடப் புதிய சாய்வுதான் ஆபத்து.

உப்புக்காற்று: கீழே என்ன இருக்கிறது என்றும் எழுதுங்கள். வெறுங்காணியில் நிற்கும் கோறை மரம் காத்திருக்கலாம், பஸ் தரிப்பிடத்தில் நிற்பது காத்திராது. மின்கம்பியைத் தொடும் கிளையை மின்சார சபைக்கு அறிவியுங்கள், நீங்கள் ஏறாதீர்கள்.

கடலோரவாசி: உச்சியை மொட்டையடித்தால் பாரம் குறையாதா?

வேம்படி: ஒரு வருடத்துக்குக் குறையும். பிறகு வெட்டுவாயில் கொத்தாக வரும் தளிர்கள் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும். தடித்ததும் காற்றில் கழன்று விழும், வெட்டுவாயும் உக்கும். தேவையான கிளையை மட்டும், அதன் அடிப்புடைப்புக்கு (கிளை தண்டோடு சேருமிடத்தில் உள்ள வீக்கம்) வெளியே அறுங்கள். முதலில் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு, இல்லாவிட்டால் பட்டை உரிந்துகொண்டு வரும்.