சான்றிதழ் புதுப்பித்தாயிற்று, ஆனால் பிரவுசர் பழையதையே காட்டுகிறது

கேள்வி:
கடையின் பில்லிங் ஆப்பை எஞ்சின்எக்ஸ் (nginx) வெப் சர்வருக்குப் பின்னால் ஓட்டுகிறேன். எச்டிடிபிஎஸ்-க்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ், வெப்ரூட் முறையில் (தளத்தின் கோப்புறையில் சோதனைக் கோப்பு வைத்து) எடுத்தது. இன்று காலை 90 நாள் முடிந்து எல்லா பிரவுசரிலும் எச்சரிக்கை, கல்லாவில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் செர்ட்பாட் நிரலின் லாகில் போன மாதமே புதுப்பித்ததாக இருக்கிறது, சர்வரில் கோப்பின் தேதியும் புதியதுதான். எங்கே தவறு?

பதில் 1:
எஞ்சின்எக்ஸை ரீலோட் செய்தீர்களா (நிறுத்தாமலே அமைப்புகளை மறுபடி படிக்கவைப்பது)? அது தொடங்கும்போது சான்றிதழைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், அப்புறம் டிஸ்கில் கோப்பு மாறினாலும் திரும்பிப் பார்க்காது. எஞ்சின்எக்ஸ் பிளகின் வழியாக எடுத்திருந்தால் செர்ட்பாட்டே ரீலோட் செய்திருக்கும், வெப்ரூட்டில் செய்யாது. புதுப்பித்ததும் செர்ட்பாட் தானே ஓட்டும் டெப்ளாய் ஹுக்கில் ரீலோட் கட்டளையைப் போட்டுவிடுங்கள். ரீஸ்டார்ட் வேண்டாம், பாதியில் இருக்கும் பில் அறுந்துபோகும்.

பதில் 2:
கோப்பின் தேதியை நம்பாதீர்கள். வேறொரு கணினியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையால் சர்வரின் 443ஆம் போர்ட்டை (எச்டிடிபிஎஸ் இணைப்பு வரும் வாசல்) தினமும் கேட்டுப் பாருங்கள், அங்கே கிடைப்பதுதான் வாடிக்கையாளருக்குப் போகும் சான்றிதழ். எச்எஸ்டிஎஸ் (எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே வா என்று பிரவுசருக்குச் சொல்லும் அமைப்பு) போட்டிருந்தால் எச்சரிக்கையைத் தாண்டிப் போகவும் வழி கிடையாது.

கேட்டவர்:
ரீலோட் செய்த உடனே சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி. ஹுக்கும் சேர்த்துவிட்டேன், தினசரிச் சோதனையை இன்று இரவே எழுதுகிறேன்.